முத்திரை பொருந்தவில்லை

பூவிழிக்கு முப்பத்தாறு வயது. மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலைக்குப் போகிற அம்சவள்ளியின் ஒரே மகள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அதற்குப் பிறகு சகாதேவனைக் கட்டிக்கொண்டு, மரக்காணத்துக்குத் தெற்கே அவனுடைய குப்பத்துக்கு வந்து சேர்ந்தாள். அவன் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவன். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம் அது. அம்மா மூன்று வருஷம் கழித்துப் பேச ஆரம்பித்தாள். குப்பத்தில் மட்டும் இன்றைக்கும் அவள் 'உப்பளத்து வீட்டுப் பொண்ணு'தான்.

அவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறாள் என்று குப்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பழைய கம்பெனிக்கே பகுதி நேரமாகச் சோதனை வேலை செய்து கொடுத்தாள். வீட்டுச் செலவு அதில் ஓடியது. அது போக இன்னொரு வேலையும் இருந்தது. சம்பளம் கிடையாது. டைனிசீல் என்றொரு லைப்ரரி. ஒரு செய்தி உண்மையாகவே அனுப்பியவரிடமிருந்துதான் வந்ததா, வழியில் யாராவது கைவைத்தார்களா என்று சரிபார்க்கிற நிரல். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு முத்திரை வரும். முத்திரை பொருந்தினால் செய்தியை உள்ளே விடும், பொருந்தாவிட்டால் தூக்கிப் போட்டுவிடும். கிரிப்டோகிராஃபி என்று அதற்குப் பெரிய பெயர். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் கருவிக்குள் போட்டுக்கொள்ளலாம், தப்பு தெரிந்தால் திருத்தியும் அனுப்பலாம்.

அதை ஆரம்பித்தவர் டோமாஷ் என்கிற செக் நாட்டுக்காரர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சென்னையில் வேலை பார்த்தபோது, பழைய சிப் ஒன்றில் அந்த லைப்ரரி கம்பைல் ஆகாமல், அதாவது சிப்புக்குப் புரிகிற மொழிக்கு மாறாமல், அடம் பிடித்ததைப் பூவிழி மூன்று நாள் போராடிச் சரிசெய்து அனுப்பினாள். "இந்த வேலையை இனி நீயே பார்த்துக்கொள்கிறாயா?" என்று அவர் கேட்டார். சரி என்றாள். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக, ஒவ்வொரு புது ரிலீஸும் லினக்ஸில், விண்டோஸில், ஏழெட்டு வகைச் சிப்புகளில் கம்பைல் ஆகிறதா, ஒரே விடையைத் தருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. டோமாஷை அவள் நேரில் பார்த்ததே இல்லை.

சோதனைக்கென்று சிப் பொருத்திய ஒன்பது போர்டுகள் வைத்திருந்தாள். அவற்றில் சில பழைய வைஃபை ரவுட்டரைப் பிரித்து எடுத்தவை. குப்பத்துக்கு வந்ததிலிருந்து அவற்றைக் காப்பாற்றுவதே பெரிய பாடாக இருந்தது. கடலும் உப்பளமும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர். காற்றிலேயே உப்பு. ஆறு மாதத்தில் செம்புப் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு வைத்தாள்; மருந்து பாட்டிலில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி உள்ளே போட்டாள். அப்படியும் போன வருஷம் மார்ச்சில் ஒரு போர்டு செத்துப்போனது. அடுத்த மாதம் டைனிசீல் 2.3 வெளியாக வேண்டும். எட்டில் ஓடியது, ஒன்பதாவதில் ஓட்டிப் பார்க்க வழியில்லை. ரிலீஸ் குறிப்பின் கடைசி வரியாக, "இந்தச் சிப்பில் சோதிக்கவில்லை, போர்டு பழுது" என்று எழுதினாள். புது போர்டு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். மழைக்கு முன்னால் கூரையில் ஓடு மாற்றவேண்டி வந்தது, அது தள்ளிப்போனது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூலையில் குப்பத்துக்கு ஆரஞ்சு நிறப் பெட்டிகள் வந்தன. கடலில் செல்போன் எடுக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல், சூறைக்காற்று எச்சரிக்கை வரும். வந்தால் பெட்டி அலறும். ஷாமியானா போட்டு, மாலை மரியாதையோடு இருபத்து மூன்று போட்டுகளுக்குக் கொடுத்தார்கள். செப்டம்பரில் மீதிப் பதினேழு வந்தது. பெட்டியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் லைசென்ஸ் விவரம் இருந்தது. சகாதேவன் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவன் கத்தினான்.

"ஏ பூவு, இங்க வா! இதுல உன் பேரு போட்டிருக்குது!"

டைனிசீல் 2.3. அதன் கீழே பதினான்கு பெயர்கள். மூன்றாவது பெயர் அவளுடையது. சகாதேவன் அந்தப் பக்கத்தை ஏலக் கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் காட்டினான். அன்றிலிருந்து அது 'பூவிழி பொட்டி' ஆகிவிட்டது. "நான் பொட்டி செய்யலங்க. அதுக்குள்ள ஒரு சின்ன பூட்டு இருக்குது, அதுல கொஞ்சம் வேலை செஞ்சிருக்கேன். அவ்ளோதான்" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளும் அழுத்திச் சொல்லவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் குப்பத்துப் பெண்கள் குழாயடியில் அவளுக்கு இடம் விட்டார்கள்.

அக்டோபர் இரண்டாவது வாரம், ஒரு காலையில் சூறைக்காற்று எச்சரிக்கை வந்தது. கடலில் இருந்த போட்டுகளில் பாதி திரும்பின. மற்றவர்கள் அவர்கள் திரும்புவதைப் பார்த்துத் திரும்பினார்கள். உயிருக்குச் சேதமில்லை, நாலைந்து வலை போனது. மறுநாள் பஞ்சாயத்தார் நாலு பேர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் தனக்கோடி. சகாதேவனுக்குச் சித்தப்பா முறை. ஐம்பத்தைந்து வயது. கல்யாணத்தின்போது குப்பத்தில் இவர்களுக்காகப் பேசிய ஒரே ஆள்.

"ஏம்மா பூவிழி, உன் பொட்டி ஏன் கத்தல?" என்று கேட்டார். "சிலதுல கத்துச்சு, சிலதுல கத்தல. என்னோடது ஊமையா கெடக்குது."

"பார்க்கறேன் மாமா. ஒங்க பொட்டிய குடுங்க."

கத்தாதவை எல்லாம் செப்டம்பரில் வந்த பதினேழு என்பது விசாரித்த அன்றே தெரிந்துவிட்டது. தனக்கோடியின் பெட்டியைத் திறந்து, உள்ளே சோதனைக்காக விட்டிருந்த முனையில் கம்பியைச் செருகி லேப்டாப்பில் பார்த்தாள். அன்றைய எச்சரிக்கை பெட்டிக்கு வந்திருக்கிறது. தேதியும் நேரமும் இருக்கிறது. அதற்கு நேரே ஒரு வரி: முத்திரை பொருந்தவில்லை. அதனால் பெட்டி செய்தியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. உண்மையான எச்சரிக்கையைத் திருட்டுச் செய்தி என்று நினைத்துக்கொண்டது. நெட்வொர்க் கோளாறாக இருக்கக் கூடாதா என்று அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். இது அவளுடைய லைப்ரரி.

அதே செய்தியை எடுத்து லேப்டாப்பில் ஓட்டினாள். பொருந்தியது. விண்டோஸில் ஓட்டினாள், பொருந்தியது. ரவுட்டர் போர்டில், ஜூலையில் வந்த பெட்டியில், இருந்த எட்டு போர்டிலும் பொருந்தியது. செப்டம்பர்ப் பெட்டிக்குள் இருந்தது வேறு சிப். மூடியைக் கழற்றியபோது அதன் மேலிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மார்ச்சில் உப்புத் தின்ற போர்டில் இருந்த அதே சிப். கம்பெனிக்காரர்கள் இரண்டாவது லாட்டுக்குக் கொஞ்சம் மலிவான சிப்புக்கு மாறியிருக்கிறார்கள். அவள் எழுதிய கடைசி வரியை யாரும் படிக்கவில்லை.

புது போர்டு ஆர்டர் போட்டாள். வருவதற்கு எட்டு நாள் ஆனது. வந்த அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போய், சாயங்காலம்தான் வந்தது. டைனிசீலை முழுக்க அதற்காக மறுபடி கம்பைல் செய்தாள். திரையில் கம்பைலர் தருகிற எச்சரிக்கை வரிகள் நானூற்றுச் சொச்சம் ஓடின. எல்லா பில்டிலும், எப்போது கம்பைல் செய்தாலும், ஓடுவதுதான், பாதிக்கு மேல் வெட்டிப் புலம்பல். இந்தத் தடவை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முன்னூற்றுப் பத்தாவதோ என்னவோ, அதில் இருந்தது: இந்த ஒப்பீடு ஒருக்காலும் உண்மையாகாது.

விஷயம் இதுதான். செய்தியை எழுத்து எழுத்தாகப் படிக்கிற இடத்தில் ஒரு அட்டவணை. வரி மாறும் இடம், இடைவெளி மாதிரி தள்ளிவிட வேண்டியவற்றுக்கு அதில் மைனஸ் ஒன்று என்று குறித்திருந்தார்கள். மைனஸ் என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மற்ற சிப்புகளில் கம்பைலர் அந்தச் சின்ன எண்ணை மைனஸோடு படிக்கும். இந்தச் சிப்பில் அதற்கு மைனஸே கிடையாது; மைனஸ் ஒன்றை இருநூற்று ஐம்பத்தைந்து என்று எடுத்துக்கொள்ளும். தள்ளிவிட வேண்டியதையும் செய்தியோடு சேர்த்துக்கொள்ளும். பிறகு முத்திரை எப்படிப் பொருந்தும்? ஒரே வரியில் வருகிற குட்டிச் செய்தியில் வரி மாறும் இடமே இல்லை, அதனால் அது சரியாகப் போகும். இரண்டு வரிக்கு மேல் போனால் செத்தது. உண்மையான எச்சரிக்கைகள் எல்லாம் ஏழெட்டு வரி.

திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல். இந்த எண்ணுக்கு மைனஸ் உண்டு என்று அட்டவணைக்கு முன்னால் எழுத வேண்டும். எழுதினாள். ஒன்பது போர்டிலும் பொருந்தியது. டோமாஷுக்கு அனுப்பினாள். ஸ்கூல் விட்டு வந்ததும் பார்த்திருப்பார் போல, அன்றே 2.3.1 வெளியிட்டார். "நல்ல கண் உனக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தார். பூவிழி அன்றைக்குச் சகாதேவனுக்குச் சுறாப்புட்டு செய்து போட்டாள்.

நல்லபடியாக நடந்தது அதோடு முடிந்தது.

லைப்ரரி சரியாகிவிட்டது, பெட்டிக்குள் இருப்பது பழையது. பெட்டி செய்த பெங்களூர் கம்பெனிக்குப் போன் செய்தாள். வாடிக்கையாளர் சேவைக்காரர்கள், "நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும் மேடம், பெட்டியை அணைத்துப் போடுங்கள்" என்று நாலு நாள் சொன்னார்கள். ஐந்தாம் நாள் யாரோ இரக்கப்பட்டு கௌதம் என்கிற எஞ்சினியரிடம் கொடுத்தார்கள். சின்ன வயசுக் குரல், நல்ல பையன். சொன்னதை உடனே புரிந்துகொண்டான். மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"மேடம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். இங்க பில்ட் பண்ணிப் பாத்துட்டேன், வேலை செய்யுது."

"அப்போ பொட்டிக்கு அனுப்பிடுங்க சார். சேட்டிலைட் வழியாவே அப்டேட் போவும்ல?"

"போவும். ஆனா கம்பெனி கீ போட்டு சைன் பண்ணணுமே. அந்தக் கீ இருந்தவரு போன மாசம் வேலைய விட்டுட்டாரு. புது ஆள் கைக்கு மாத்தணும்னா ஆடிட் முடியணும், அப்ரூவல் வரணும். இந்த ப்ராஜெக்ட் வேற முடிஞ்சிபோச்சுன்னு ஃபைல மூடிட்டாங்க. நான் தெனமும் கேட்டுட்டுதான் இருக்கேன் மேடம்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"ஆறு வாரம் சொல்றாங்க. நான் கேரண்டி குடுக்க முடியாது."

பெட்டிக்கு எந்தப் புது நிரல் போனாலும் அதன் மேல் கம்பெனியின் முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்காது. ஏற்கக் கூடாது. கண்டவன் கண்டதை அனுப்பிப் பெட்டியைக் கெடுத்துவிடாமல் காப்பதற்குத்தான் டைனிசீலே இருக்கிறது. அந்த இடத்தில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொண்டதில் பூவிழிக்கும் பங்கு உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து, வேறு ஏதாவது வழியாக உள்ளே போக முடியுமா என்று தேடினாள். கம்பியைச் செருகிய முனையும் செய்தியைக் கொடுத்துப் பார்க்க மட்டும்தான் விட்டது, உள்ளிருக்கும் நிரலை மாற்ற விடவில்லை. நன்றாகச் செய்த பூட்டு.

பஞ்சாயத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அமைதியாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் கேட்டார்.

"பூட்டு செஞ்சவ நீ. ஒன்னாலயே தொறக்க முடியலைன்னா எப்படிம்மா?"

"சாவி அவங்ககிட்ட இருக்குதுங்க. சாவி இல்லாம யாராலயும் தொறக்க முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்குது."

"நல்லா செஞ்ச போ" என்றார் அவர். பின்வரிசையில் சிரித்தார்கள்.

அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. எச்சரிக்கையை ஒரே வரியில் அனுப்பினால் ஊமைப் பெட்டியும் அலறும் அல்லவா? எச்சரிக்கை புறப்படுகிற அலுவலகத்தை விசாரித்து, இரண்டு பஸ் மாறிப் போனாள். பக்தவச்சலம் என்கிற அதிகாரி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். அவள் கொண்டுபோன பெட்டியில் இரண்டு வகைச் செய்தியையும் ஓட்டிக் காட்டினாள். பழைய சோதனைச் செய்திக்கு அலறியது, பழைய எச்சரிக்கைக்கு வாய் திறக்கவில்லை.

"நீங்க சொல்றது புரியுதும்மா" என்றார். "ஆனா இந்த ஃபார்மட் எங்களுக்கே மேலேர்ந்து வர்றது. இத்தன வரி, இந்த வரிசை, இந்த மொழின்னு. ஒரு எழுத்த நான் மாத்துனா நாளைக்கு என் சீட்டு இருக்காது. எழுதிக் குடுங்க, என் குறிப்பும் போட்டு இன்னைக்கே மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். அவர் சொன்னபடியே அன்றே அனுப்பினார், நகலும் கொடுத்தார். அந்த நகலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். பதினேழு பெட்டியிலும் சிவப்பு டேப் ஒட்டினாள். "டேப் ஒட்டினது ஊமை. அத நம்பாதீங்க. டேப் இல்லாத போட்டு கூடவே போங்க, கூடவே வாங்க" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். பஞ்சாயத்திலும் அப்படியே முடிவாயிற்று. சகாதேவனுடையதும் ஊமைதான், பக்கத்து வீட்டுப் போட்டோடு சேர்ந்து போய்வந்தான்.

நவம்பர் முதல் தேதி காலை பத்து மணிக்கு மாதாந்திரச் சோதனைச் செய்தி வந்தது. ஒரே வரி. கரையில் இழுத்துப் போட்டிருந்த நாற்பது போட்டிலும் நாற்பது பெட்டியும் ஒன்றாக அலறின. குப்பமே கைதட்டியது. பூவிழி வீட்டிலிருந்து ஓடி வருவதற்குள் பாதிப் பேர் டேப்பைப் பிய்த்துவிட்டார்கள்.

"இது டெஸ்ட் மெசேஜுங்க! ஒரு வரி! அதான் கத்துது! பெரிய மெசேஜ் வந்தா கத்தாதுங்க!"

தனக்கோடி தன் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "அதான் கத்துதே பூவிழி. நீயே சரி பண்ணிட்டு, நீயே பயப்படற."

"நான் சரி பண்ணல மாமா. இன்னும் சரியாவல."

"சரி, சரி. ஆவட்டும்" என்றார், பிள்ளைகளிடம் சொல்வதுபோல. அவரோடு தினமும் தொழிலுக்குப் போகிற அந்தோணிராஜ் டேப்பைச் சுருட்டித் தூரப் போட்டான். மறுநாள் அவள் போய் மறுபடி ஒட்டினாள். அதற்கு மறுநாள் அது இல்லை. தான் சொல்வதை விட அந்த அலறல் பெரிய சத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாவது தடவை ஒட்டப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்தாள்.

கார்த்திகை முதல் வாரம், ஒரு புதன்கிழமை. விடியுமுன்னே முப்பத்தொரு போட்டு கடலுக்குப் போயிருந்தது. வானம் தெளிவாகத்தான் இருந்தது. எட்டே முக்காலுக்குப் பூவிழியின் போனில் எச்சரிக்கை வந்தது. ஒரு மணி நேரத்தில் சூறைக்காற்று, எட்டு வரி. படித்து முடிக்குமுன் கால் கடற்கரைக்கு ஓடியது. சகாதேவனுக்குப் போன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே. தனக்கோடிக்குப் போட்டாள், அதே குரல். அந்தோணிராஜுக்கும் அதே. இன்னொரு தடவை எல்லாருக்கும் போட்டாள். கரையில் நின்ற இரண்டு பேரிடம், "ஒரு போட்ட எறக்குங்கண்ணே, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்" என்று கேட்டாள்.

"எங்க போய்ச் சொல்றது? இந்நேரம் அவங்க எந்தப் பக்கம் இருக்காங்களோ. கத்துன பொட்டிக்காரனுங்க சொல்லிக் கூட்டியாருவானுங்க, இரு" என்றார்கள்.

அங்கே கடலுக்குள் பதினெட்டு பெட்டி அலறிக்கொண்டிருக்கிறது, பதிமூன்று வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பதிமூன்று என்றும் தெரியும். ஏன் என்றும், எந்த வரியில், எந்தச் சொல் இல்லாததால் என்றும் தெரியும். கரையில் நின்ற யாருக்கும் அவ்வளவு தெரியாது. அவ்வளவு தெரிந்தும் அவர்கள் நிற்கிற அதே மணலில்தான் அவளும் நின்றாள்.

ஒன்பதரைக்கு வடகிழக்கு கறுத்தது. போட்டுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. சகாதேவனின் போட்டு பதினாறாவதாக வந்தது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பத்தரைக்குக் காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு வந்தபோது முப்பது வந்திருந்தது.

அந்தோணிராஜை அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து ஊர்க் கூனிமேட்டுக்காரர்களின் போட்டு தூக்கிக்கொண்டு வந்தது. தனக்கோடியின் போட்டு கவிழ்ந்து, காலி எண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து ஐந்து மணி நேரம் மிதந்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் சொன்னதைப் பூவிழி தலைமாட்டில் நின்று கேட்டாள்.

"மேகம் ஏறறத நான்தான் மொதல்ல பாத்தேன். போலாம்ணேன்னு சொன்னேன். அண்ணன் பொட்டியப் பாத்தாரு. 'பொட்டி கத்தலையேடா, நேரமிருக்குது, இன்னொரு வலைய இழுத்துட்டுப் போயிடலாம்'னாரு. எப்பவும் மேகத்தப் பாத்தா மொதல்ல திருப்பறவரு அவருதான். அன்னைக்குப் பொட்டியப் பாத்தாரு."

பூவிழி வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். பெட்டி இல்லாத காலத்தில் அவர் மேகத்தை மட்டும் பார்த்துத் திரும்பியிருப்பார். சகாதேவன் பக்கத்தில் வந்து நின்றான்.

மூன்றாம் நாள் தனக்கோடியின் உடல் தெற்கே கோட்டக்குப்பம் பக்கம் கரை ஒதுங்கியது.

குப்பத்தில் அவளை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றுவிடும். இடம் மட்டும் முன்னைவிட அதிகமாக விட்டார்கள். அம்சவள்ளி உப்பளத்திலிருந்து வந்து இரண்டு நாள் மகளோடு தங்கினாள். "நீ சொல்லிக்கினுதானே இருந்த? ஊரே கேட்டுச்சே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம், சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: வருந்துகிறோம், எங்கள் பதிவேட்டின்படி அந்தப் பெட்டி நவம்பர் முதல் தேதிச் சோதனையில் சரியாக இயங்கியது. அது பொய் இல்லை. கௌதம் போனில் அழுதான். "நான் இன்னும் கத்தியிருக்கணும் மேடம்" என்றான். அவனைத் தேற்றுவதா, அவனோடு சேர்ந்து அழுவதா என்று தெரியாமல், "சாப்டீங்களா?" என்று கேட்டுவைத்தாள். டோமாஷுக்கு நடந்ததை எழுதினாள். அவர் பதில் வர நான்கு நாள் ஆயிற்று. என்ன எழுதுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். பிறகு, சோதிக்காத சிப்பில் லைப்ரரி கம்பைலே ஆகக் கூடாது, நின்றுவிட வேண்டும் என்று மாற்றலாமா என்று கேட்டிருந்தார். மாற்றலாம் என்றாள். அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒருத்தர் வேண்டுமென்றே அந்தத் தடையை எடுத்துவிட்டுக் கம்பைல் செய்தால் அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஜனவரியில் பொங்கல் கழிந்த வாரம், ஒரு காலை, எல்லாப் பெட்டியிலும் பச்சை விளக்கு மூன்று தடவை கண் சிமிட்டியது. சாவி கைமாறிவிட்டது, அப்டேட் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. கூடவே வந்த குறிப்பில், 'சிறு திருத்தங்கள்' என்று இருந்தது. பக்தவச்சலத்தின் குறிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் தனக்கோடியின் மனைவி ஞானாம்பாள் பூவிழி வீட்டுக்கு வந்தாள். காரியத்துக்குப் பிறகு அவள் வெளியே கிளம்பி யாரும் பார்த்ததில்லை. பூவிழி எழுந்து பாய் விரித்தாள்.

"பொட்டி சரியாயிடுச்சாமே" என்றாள் ஞானாம்பாள்.

"ஆமா அத்த."

"யாரு சரி பண்ணது?"

"நான்தான் அத்த. அக்டோபர்லயே பண்ணிட்டேன்."

"அக்டோபர்னா, ஐப்பசி?"

"ஆமா."

ஞானாம்பாள் விரல் விட்டு எண்ணினாள். "அவரு போனது கார்த்திக."

"ஆமா அத்த. சரி பண்ணது எங்கிட்டயே இருந்துச்சு. உள்ள போட முடியல. சாவி அவங்ககிட்ட…" பஞ்சாயத்தில் சொன்னாள், ஆபீஸில் சொன்னாள், வீடு வீடாகச் சொன்னாள். எந்த இடத்திலும் தடுமாறாத வார்த்தை இந்த ஒரு பொம்பளையின் முன்னால் பாதியில் நின்றுவிட்டது.

"அது கத்தியிருந்தா வந்திருப்பாரா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "வந்திருப்பாரு அத்த."

ஞானாம்பாள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. வந்திருப்பார் என்பதை மட்டும் யாராவது தெரிந்தவர் வாயால் கேட்க வேண்டும் என்று வந்தவள் போல இருந்தாள். எழுந்து போகவும் இல்லை. மேஜையில் ஒன்பது போர்டும் கம்பிகளோடு கிடந்தன. அடுத்த ரிலீஸுக்கான பில்ட் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வரிகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன.

"இது என்னாது ஓடுது?"

"எல்லா மிஷின்லயும் சரியா இருக்குதான்னு பாக்கறேன் அத்த."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம் ஆவும்."

"ஓடட்டும்" என்றாள் ஞானாம்பாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். பூவிழி டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.